பதினெட்டுப் பேருக்கு நிவந்தம்: மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைக் கேட்டும் படித்தும் கற்பித்தல்

வரலாற்றுப் பாடநூல்களில் மாற்றுத்திறனாளிகள் தோன்றும் இடங்கள் மிகக் குறைவு. தோன்றும்போதும் அவர்கள் தம் குறையை வென்று சாதனை படைத்த தனி மனிதர்களாகவோ, அரசு நலத்திட்டங்களின் பயனாளிகளாகவோ மட்டுமே காட்டப்படுகின்றனர். லூயி பிரெயிலையும் ஹெலன் கெல்லரையும் அறிந்த ஒரு தமிழக மாணவர், தம் மாவட்டத்தில் நூறாண்டுகளுக்கு முன் ஒருவர் எதனால் பார்வையிழந்தார், எந்தத் தொழில் செய்து பிழைத்தார், யார் துணையோடு நடமாடினார், அத்துணைக்கான செலவை யார் ஏற்றார் என்ற கேள்விகளை ஒருமுறைகூட எதிர்கொள்ளாமலேயே பட்டப்படிப்பை முடித்துவிட முடிகிறது. சான்றுகள் கிடைக்காமையால் நேர்ந்த வெற்றிடம் இது என்று கருத இடமில்லை. இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதிகளை உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே கல்வெட்டு, புராணம், சிற்றிலக்கியம், இசைப்பாடல், மக்கள்தொகைக் கணக்கு என ஆயிரம் ஆண்டுகளுக்கு நீளும் சான்றுகள் கிடைக்கின்றன; அவற்றை இவ்வரலாற்றுக்குரியவையாகப் படிக்கும் பழக்கம்தான் நம் கல்வியில் உருவாகவில்லை.

ஒரு நிகழ்ச்சி அல்லது வாழ்க்கை நடந்த காலத்திலேயே உருவாகி, பிற்கால ஆசிரியரின் விளக்கம் இன்றி நேரடியாக நம்மை வந்தடையும் கல்வெட்டு, கடிதம், அரசுப் பதிவேடு, நேர்காணல் ஒலிப்பதிவு போன்றவற்றை முதன்மைச் சான்றுகள் என்று வரலாற்றாய்வாளர் குறிப்பிடுவர். இச்சான்றுகளை வகுப்பறைக்குக் கொண்டுவர ஒலி நிகழ்ச்சி பொருத்தமான வாயில் என்பதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். அச்சுப் பக்கத்தைப் படிக்க இயலாத மாணவர், தம் முன்னோரின் வரலாற்றைப் பிறரோடு ஒரே நேரத்தில் பெறுகிறார் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் தமிழகத்துக்கு நெருக்கமானது. இப்பகுதியின் சான்றுகளுள் பெரும்பகுதி ஓதப்பட்டு, பாடப்பட்டு, செவிவழியாகவே வாழ்ந்தவை. அவற்றை எழுத்தில் மட்டும் கற்பிப்பது அவற்றின் பாதியை விட்டுவிடுவதாகும்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரின் அபிராமேசுவரர் கோயிலில் உள்ள ஒரு சோழர் காலக் கல்வெட்டு இவ்வகையில் முதலிடம் பெறத் தக்கது. அக்கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குப் பார்வையற்றோர் பதினாறு பேரும், அவர்களுக்குக் 'கண்காட்டுவார்' இருவரும் அமர்த்தப்பட்டு, பதினெட்டுப் பேருக்கும் நிவந்தம், அதாவது கோயிற்பணி செய்வோரின் வாழ்வுக்கென நிலையாக ஒதுக்கப்படும் வருவாய், அளிக்கப்பட்ட செய்தியை அது பதிவு செய்கிறது. தேவார மூவராலும் பாடப்பெற்ற தலம் அது. அத்தலத்தில் மூவர் பாடல்களை ஓதும் பணி, பிறர் இரக்கத்தால் கிடைத்த உணவுக்கு ஈடாக அன்றி, கோயிலின் அன்றாட வழிபாட்டில் இடம்பெற்ற ஒரு தொழிலாகவே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஏட்டைப் பார்த்துப் படிப்பதைக் காட்டிலும் மனத்தில் பதித்துப் பண்ணோடு பாடுவதே இன்றியமையாத ஒரு பணிக்குப் பார்வையின்மை தடையாகக் கருதப்படவில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஆயினும் இக்கல்வெட்டின் உயிர்நிலை அந்தப் பதினாறு பேரைக் காட்டிலும் அந்த இருவரிடமே உள்ளது. பாடுவோர் பார்வையற்றவர் என்றால், அவர்கள் கோயிலுக்குள் வந்து செல்லவும் இடமறிந்து நிற்கவும் துணை தேவைப்படும் என்பதை நிவந்தம் ஏற்படுத்தியவர் உணர்ந்து, அத்துணையைக் குடும்பத்தாரின் கடமை என்றோ வழிப்போக்கரின் புண்ணியம் என்றோ விட்டுவிடாமல், கண்காட்டுவாரையும் கணக்கில் சேர்த்து அவர்களுக்கும் வாழ்வூதியம் வகுத்திருக்கிறார். எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அந்த விகிதம் போதுமானதா என்பது வேறு கேள்வி. ஒரு பணியிடத்தின் செலவிலேயே துணையாளரின் செலவும் அடங்கும் என்ற கொள்கை தமிழ்நாட்டுக் கல்லில் வெட்டப்பட்டுள்ளது என்பது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'நியாயமான இடவசதி' என்ற கருத்தை வலியுறுத்தும் இக்காலத்தில், ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

அதே வேளையில், ஒரு கல்வெட்டைக் கொண்டு சோழர் காலத்தைப் பொற்காலமாக வரைந்துவிடக் கூடாது. கோயில் என்ற ஒரு நிறுவனத்துக்குள், அதுவும் ஆண்களுக்கே பெரிதும் திறந்திருந்த ஒரு பணியில், பதினாறு பேருக்கு இடம் கிடைத்தது என்பதை மட்டுமே அது மெய்ப்பிக்கிறது. வயலில் உழைத்த குடும்பங்களில் பிறந்த பார்வையற்ற பெண்களைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. முதன்மைச் சான்றைக் கற்பிப்பது என்பது, அது சொல்வதோடு சொல்லாததையும் மாணவர் குறித்துவைக்கப் பழகுவதாகும். இக்கல்வெட்டின் வாசகத்தை ஒருவர் படிக்க, தொடர்ந்து திருவாமாத்தூர்ப் பதிகம் ஒன்றை ஓதுவார் உரிய பண்ணில் பாட, அதன்பின் இவ்வினாக்கள் எழுப்பப்படும் இருபது நிமிட ஒலி நிகழ்ச்சி ஒன்று, ஒரு முழு அத்தியாயம் செய்ய இயலாததைச் செய்யும். கல்லில் எண்ணிக்கையாக மட்டும் எஞ்சியிருப்போர் செய்த பணியின் ஒலி அதில் கேட்கும்.

இதே திருவாமாத்தூர், சில நூற்றாண்டுகள் கழித்து, மற்றொரு வகையிலும் இவ்வரலாற்றோடு இணைகிறது. இரட்டைப் புலவர் எனப்படும் முதுசூரியர், இளஞ்சூரியர் ஆகிய இருவரும், பல்வகைப் பாக்களும் உறுப்புகளும் கலந்து அமையும் கலம்பகம் என்னும் சிற்றிலக்கிய வகையில், சிதம்பரத்தின் மீது தில்லைக் கலம்பகத்தையும் இத்தலத்தின் மீது திருவாமாத்தூர்க் கலம்பகத்தையும் பாடினர். ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர் என்றும், பார்வையற்றவர் மற்றவரைத் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்று வாழ்ந்தனர் என்றும், ஒருவர் வெண்பாவின் முற்பகுதியைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்றும் தமிழ் மரபு கூறுகிறது. தனிப்பாடல் கதைகளில் இவர்கள் வேடிக்கைக்குரிய இணையாகவே பெரிதும் நினைக்கப்பட்டு வந்துள்ளனர். இவர்களுடைய நடமாட்டமும் படைப்பும் ஒருவரையொருவர் சார்ந்தே நிகழ்ந்தன என்பதும், அச்சார்பு அவர்களுடைய புலமையைக் குறைக்கவில்லை என்பதும் இலக்கிய வகுப்புகளில் போதிய அழுத்தம் பெறவில்லை. தனியே நின்று சாதிப்பவரையே பாராட்டும் இக்காலக் கல்விக்கு, இருவர் சேர்ந்து ஒரு வெண்பாவை முடிக்கும் இம்மரபு ஒரு மாற்றுப் பார்வையை அளிக்கும்.

சேக்கிழாரின் பெரியபுராணம் சிதம்பரத்தில் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியதாக மரபு உரைக்கிறது. அதில் இடம்பெறும் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் கோயிற்குளம் தூர்ந்து குறுகியதை அறிந்து வருந்தி, குளத்தினுள் ஒரு கம்பமும் கரையில் ஒரு கம்பமும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்து, அக்கயிற்றைத் தடவியபடியே மண்ணைத் தோண்டிச் சுமந்து வந்து கொட்டினார். அவருடைய பணியை எதிர்த்த சமணர், கண்ணோடு செவியும் இழந்தாரோ என்று இழித்துரைத்ததாகவும், பின்னர் அவருடைய மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததாகவும் காவியம் விவரிக்கிறது. முடிவில் இறையருளால் அவர் பார்வை பெற, எதிர்த்தவர் பார்வை இழக்கின்றனர்.

இக்கதையை வகுப்பில் எடுத்துரைக்கும்போது வழக்கமாக அந்த முடிவே மேலோங்குகிறது. வரலாற்று நோக்கில் அதன் நடுப்பகுதியே மதிப்பு மிக்கது. பார்வையற்ற ஒருவர் தம் பணிக்கு ஏற்ற உத்தியைத் தாமே வகுத்துக்கொண்டார் என்பதையும், அவரைச் செயலிழக்கச் செய்தது பார்வையின்மை அன்று, கருவிகள் பறிக்கப்பட்டமையே என்பதையும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் துல்லியமாகக் கண்டிருக்கிறார். உடலின் குறையைவிடச் சூழலின் தடையே ஒருவரை முடக்குகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாற்றுத்திறனாளர் இயக்கங்கள் முன்வைத்த வாதம், 'சமூக மாதிரி' என்று வழங்கப்படுகிறது. அதை விளக்க மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைத் தேட வேண்டிய தேவை தமிழ் ஆசிரியருக்கு இல்லை. ஆனால் காவியத்தின் முடிவையும் மறைக்கக் கூடாது. பார்வையின்மை எதிர்த்தரப்புக்குத் தண்டனையாக விதிக்கப்படுகிறது என்பதும், சமயப் பகை அக்கதையை வடிவமைத்துள்ளது என்பதும், அடியவருக்குரிய பரிசு பார்வை பெறுவதாகவே அமைகிறது என்பதும் மாணவரால் விவாதிக்கப்பட வேண்டியவை. சிதம்பரத்தில் ஆடவல்லானின் திருவடிக்கீழ் கிடக்கும் முயலகனைக் குறித்தும் இத்தகைய விவாதம் எழ வேண்டும்; குறுகிய உருவம் கொண்ட அவ்வடிவின் பெயர் தமிழில் வலிப்பு நோய்க்கும், வடமொழியில் அதன் பெயரான அபஸ்மாரம் அவ்வாறே அந்நோய்க்கும் வழங்கி வந்துள்ளது. தத்துவ விளக்கம் அதனை அறியாமையின் உருவாகக் கொள்கிறது. வலிப்பு உள்ள ஒரு மாணவர் அவ்விளக்கத்தை எவ்வாறு கேட்பார் என்பதையும் ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனநலத்தைப் பொறுத்தவரை, சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் வாழ்ந்த மாரிமுத்தாப் பிள்ளையின் வரலாறு தனிக் கவனம் பெறத் தக்கது. 1712 முதல் 1787 வரை வாழ்ந்த இவர், முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர் ஆகியோரோடு தமிழ் இசை மூவருள் ஒருவராகப் போற்றப்படுபவர். இவருடைய மகன் சித்தப் பிரமையுற்றிருந்தார் என்றும், அத்துயரின் நடுவே தில்லைக் கூத்தனை வேண்டிப் புலியூர் வெண்பாவைப் பாடினார் என்றும் வரலாறு கூறுவர். சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனி மருத்துவரான வாலன்டைன் கனோலி 1794இல் மனநோயாளிகளுக்கான காப்பகத்தைத் தொடங்குவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே பிள்ளை மறைந்துவிட்டார். ஆகவே, காப்பகங்கள் தோன்றுவதற்கு முன் தமிழ்க் குடும்பம் ஒன்று மனநலம் குன்றிய பிள்ளையோடு எவ்வாறு வாழ்ந்தது, எதனிடம் முறையிட்டது என்பதை எண்ணிப் பார்க்க இந்நிகழ்வு இடந்தருகிறது. அவருடைய பாடல்கள் இன்றும் மேடைகளில் கேட்கப்படுகின்றன. அவற்றின் பின்னுள்ள இல்லத்துயரைக் கேட்போருள் பலர் அறிவதில்லை. இப்பாடல்களுள் ஒன்றையும், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை அண்டிய காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதைப் பற்றிய செய்தித்தாள் பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிப்பது கடினமானது. எனினும் வழிபாட்டுத் தலத்தை நாடிய குடும்பத்தின் நம்பிக்கை ஒன்று பாட்டாகவும் மற்றொன்று பேரழிவாகவும் முடிந்ததற்கு இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்ற கேள்வியை அதைவிடக் கூர்மையாக எழுப்ப வேறு வழியில்லை.

இதுவரை கூறிய சான்றுகளுக்கு முற்றிலும் மாறான இயல்புடையவை ஆங்கிலேய அரசின் மக்கள்தொகைக் கணக்குகள். 1881 முதல் 1931 வரையிலான ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் 'உடற்குறைகள்' என்ற தலைப்பில் மனநோயாளர், காது கேளாத வாய் பேசாதோர், பார்வையற்றோர், தொழுநோயாளர் ஆகிய நால்வகையினர் மாவட்ட வாரியாக எண்ணப்பட்டனர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இரு கண்களும் இழந்தவரை மட்டுமே பார்வையற்றவராகவும், பிறவியிலிருந்தே காது கேளாது வாய் பேசாதவரை மட்டுமே அவ்வகையினராகவும் பதியுமாறு கணக்கெடுப்போருக்கு அறிவுறுத்தப்பட்டது. வெண்குட்டம் உடையோரைத் தொழுநோயாளராக எழுதக் கூடாது என்றும் கூறப்பட்டது. சென்னை மாகாணத்தில் அக்கணக்கெடுப்பை மேற்பார்வையிட்ட டபிள்யூ. பிரான்சிஸ் என்ற அதிகாரியே 1906இல் தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியையும் எழுதினார் என்பதால், ஒரே கை எண்ணிக்கையாகவும் விவரணையாகவும் இம்மாவட்ட மக்களைப் பதிந்ததை மாணவர் ஒப்பிட்டுப் படிக்க முடியும்.

இவ்வட்டவணைகளில் ஒருவரின் பெயரோ தொழிலோ துணையோ இல்லை. குறை மட்டுமே உள்ளது. ஒரு வீட்டில் மனநலம் குன்றிய பெண் இருப்பதை, அவளுடைய தங்கையின் திருமணத்தைக் கருதிக் குடும்பத்தார் கணக்கெடுக்க வந்தவரிடம் மறைப்பதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. தொழுநோய் அதைவிட மறைக்கப்பட்டது. இந்த எண்களை நம்ப முடியாது என்று கணக்கெடுப்பு அதிகாரிகளே தம் அறிக்கைகளில் ஒப்புக்கொண்டனர்; 1941இல் அந்த வினா கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பின் 1981இல் மூன்று வகையினர் மட்டும் எண்ணப்பட்டு, 1991இல் மீண்டும் விடப்பட்டு, 2001இல்தான் வினா முறையாகத் திரும்பியது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் 16.42 லட்சமாகப் பதிவான மாற்றுத்திறனாளிகள், 2011இல் 11.79 லட்சமாகக் குறைந்தனர். பத்தாண்டுகளில் நான்கரை லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. 2001இல் ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உடையவரும் கணக்கில் சேர்க்கப்பட்டார் என்பது போன்ற வரையறை வேறுபாடுகளே இத்தகைய எண்களை ஏற்றி இறக்குகின்றன. 1901, 2001, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளின் வினாக்களையும் மாணவரிடம் அளித்து, ஒரே மனிதரை மூன்று படிவங்களிலும் நிரப்பச் செய்தால், மாற்றுத்திறன் என்பது உடலில் மட்டும் இல்லை, அரசின் படிவத்திலும் உள்ளது என்பதை அவர்களே கண்டறிவர்.

ஒலியையும் ஆவணத்தையும் இணைத்து இவ்வரலாற்றைக் கற்பிக்கும் முயற்சிகள் பிற நாடுகளில் முன்பே நடந்துள்ளன. அமெரிக்காவில் லாரி பிளாக், ஜே ஆலிசன் ஆகியோர் 1998இல் உருவாக்கிய நான்கு மணி நேர வானொலித் தொடர், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலான மாற்றுத்திறனாளர் வாழ்வைக் கடிதங்களாலும் நேர்காணல்களாலும் எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாகத் திரட்டப்பட்ட ஆவணங்கள் ஆசிரியர்கள் பயன்படுத்தும் ஓர் எண்மின் அருங்காட்சியகமாக வளர்ந்தன. பிரிட்டனில் பிபிசி வானொலி 2013இல் பத்துப் பகுதிகளாக ஒலிபரப்பிய தொடரை, தாமே பார்வையற்றவரான பீட்டர் ஒயிட் வழங்கினார். இவற்றிலிருந்து கற்க வேண்டியது, மாற்றுத்திறனாளர் ஒருவரே தம் வரலாற்றின் உரையாளராக அமைவதன் வலிமையே. அவற்றின் பொருளை அப்படியே கடன் வாங்கினால், தமிழ் மாணவர் மறுபடியும் அயல்நாட்டுக் காப்பகங்களின் வரலாற்றைப் படிப்பவராகவே எஞ்சுவர்.

1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ், வரலாறு, இசை, கல்வியியல் ஆகிய அனைத்தையும் ஒரே வளாகத்தில் கொண்டிருப்பதால், இவ்வகை நிகழ்ச்சிகளை உருவாக்க அதைவிடப் பொருத்தமான இடம் இப்பகுதியில் இல்லை. கல்வெட்டு வாசகத்தை வரலாற்றுத் துறையும், பதிகத்தையும் இசைப்பாடலையும் இசைத் துறையும், வகுப்பறை வினாக்களைக் கல்வியியல் துறையும் ஏற்றால், பெருஞ்செலவின்றியே தொடங்க முடியும். ஆனால் ஒலி நிகழ்ச்சி ஒன்று அதுமட்டுமாகவே வெளிவருமாயின், செவித்திறன் குறைந்த மாணவரை அது வாயிலிலேயே நிறுத்திவிடும். மாற்றுத்திறனாளர் வரலாற்றைச் சொல்ல வந்த பாடம் ஒன்று இப்பிழையைச் செய்வது பொறுக்கத் தக்கதன்று. எனவே ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் அதன் முழு எழுத்துவடிவமும், இந்தியச் சைகை மொழிக் காணொளியும், படங்களுக்குச் சொல்வழி விவரிப்பும் சேர்ந்தே வெளிவர வேண்டும். பக்கம், தலைப்பு வாரியாகத் தாவிக் கேட்க வழிசெய்யும் டெய்சி என்ற ஒலிநூல் வடிவம் இதற்கு ஏற்றது. அச்சைப் படிக்க இயலாதோர்க்காக நூல்களை இத்தகைய வடிவங்களுக்கு மாற்றுவதை 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அனுமதித்துள்ளது. அதே நோக்கத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

பழைய சொற்களைக் கையாள்வதில் ஒரு நெறி வேண்டும். கல்வெட்டிலும் காவியத்திலும் கணக்கெடுப்பிலும் உள்ள குருடர், முடவர், செவிடர் என்ற சொற்களைத் திருத்தி வாசித்தால் சான்று பொய்யாகும். அவற்றை உரையாளர் தம் பேச்சிலும் தொடர்ந்தால் பாடம் புண்படுத்தும். சான்றினுள் அதன் சொல்லும், சான்றுக்கு வெளியே இன்றைய சொல்லும் என்ற எளிய பிரிவினை போதுமானது.

எஞ்சியிருப்பது, இன்னும் ஆவணமாகாத சான்றுகள். பெரியம்மையால் பார்வையிழந்தோரின் தலைமுறை இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் அந்நோயின் கடைசித் தொற்று 1975இல் பதிவாயிற்று என்பதால், அதற்கு ஆட்பட்டோருள் மிக இளையவரும் இன்று ஐம்பதைக் கடந்தவர். இந்தியாவில் இயற்கை வைரசால் ஏற்பட்ட இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நிகழ்வு 2011இல் பதிவாயிற்று. அந்நோயோடு வளர்ந்த பெருந்தலைமுறை நடுவயதையும் முதுமையையும் எட்டியுள்ளது. கடலூர் முதுநகரின் மீன்பிடித் துறையிலும், நெய்வேலியின் சுரங்கப் பகுதியிலும், பண்ணுருட்டியின் முந்திரித் தொழிலிலும் இவர்கள் எவ்வாறு வேலை தேடினர், பள்ளியில் எங்கே அமர்த்தப்பட்டனர், பேருந்தில் யார் ஏற்றிவிட்டார் என்பவை எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை. இவற்றைப் பதிவு செய்வோர் பேசுபவரின் இசைவை முன்கூட்டியே பெற்று, பதிவைக் கேட்டு வேண்டாததை நீக்கும் உரிமையையும், பெயரை மறைக்கும் உரிமையையும் அவரிடமே விட வேண்டும். இயலுமாயின் கேள்வி கேட்பவரும் மாற்றுத்திறனாளியாகவே இருத்தல் நன்று.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இடம்பெறுவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு விதிக்கிறது. பாடத்திட்டக் குழுக்கள் அதற்கென நூல் எழுதி முடிக்கும்வரை காத்திராமல், கடலூர் மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஊரில் பெரியம்மையால் பார்வையிழந்து இன்றும் வாழும் முதியோரை நாடிச் சென்று, அவர்களுடைய குரலை இந்தக் கல்வியாண்டிலேயே பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.